பானையும் மணலும்: வீட்டுக் குடிநீர் வடிகட்டியின் கதை

தில்லியில் இரண்டு மூன்று தலைமுறையாக வசித்துவரும் நம் அங்கத்தினர் குடும்பங்களில் மூத்தவர்கள் யாரிடமாவது 'காமாலை வருஷம்' பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி மூன்றாம் வாரம் வரை, ஏறக்குறைய ஏழு வார காலத்தில், தில்லி மாநகரில் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அப்போது ஆர்.கே.புரம் காலனி எழும்பவில்லை. இன்று செக்டார்களும் மலை மந்திரும் நிற்கும் இடம், முனிர்கா கிராமத்தை ஒட்டிய பாறை மேடாகக் கிடந்தது. சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த நம்மவர்கள் கரோல் பாக், கோல் மார்க்கெட், லோதி காலனி என்று ஆங்காங்கே குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்காவது கண் மஞ்சளாகி, கீழாநெல்லியும் மோர் சாதமுமாக அந்தக் குளிர்காலம் கழிந்த குடும்பங்கள் பல.

இந்தக் கட்டுரை காமாலையைப் பற்றியது அல்ல. நாம் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, மர ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பானை வடிகட்டி, அதைப் பற்றியது. ஆனால் அந்தப் பானையின் கதையைச் சொல்ல இந்தக் காமாலையில் தொடங்குவதுதான் நியாயம். ஏனென்றால் அன்று தில்லிவாசிகளை நோயில் தள்ளியது ஏதோ குட்டைத் தண்ணீர் அல்ல. படிகாரம் போட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து, குழாயில் வந்த நகராட்சித் தண்ணீர்.

நடந்தது இதுதான். நகருக்கு வேண்டிய நீர் வஜீராபாதில் யமுனையிலிருந்து எடுக்கப்பட்டு, சந்திராவல் நீரேற்று நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. நீர் எடுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நஜப்கர் நாலா தன் சாக்கடையை ஆற்றில் கொண்டு சேர்க்கிறது. கீழே சேருவது கீழேயே போய்விடும் என்பது கணக்கு. 1955 மழைக்காலத்தில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு கரையை விட்டு விலகி ஓடியது. கீழே போகவேண்டிய நாலாத் தண்ணீர் பின்வாங்கி, மேலே நீர் எடுக்கும் வாய்க்கே வந்து சேர்ந்தது. நவம்பர் நடுவில் சுமார் ஒரு வாரம் இந்தக் கலப்பு மிகவும் கடுமையாக இருந்தது. நிலையத்தில் இருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை; படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். அதன் பலனும் தெரிந்தது. அவ்வளவு சாக்கடை கலந்தும் நகரில் டைபாய்டோ சீதபேதியோ கூடவில்லை. பாக்டீரியாக்கள் மடிந்தன. காமாலை வைரஸ் மடியவில்லை. சுமார் நாற்பது நாள் உடலில் மறைந்திருந்து, டிசம்பர் மாதம் வீடு வீடாகத் தலைகாட்டியது.

தில்லி வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிட்யூட்டை நிறுவி நடத்திய டாக்டர் ஆர். விஸ்வநாதன் இந்தக் கொள்ளைநோயை விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1957இல் வெளிவந்து இன்றுவரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் மனத்தை உலுக்கும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிட்டார்கள். ஆனால் கருவுற்றிருந்த பெண்களிடையே மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. சீமந்தம் முடிந்து பிரசவத்துக்குக் காத்திருந்த எத்தனையோ வீடுகளில் அந்த மார்கழி துக்கமாக முடிந்தது. வடிகட்டிய தண்ணீர்தானே என்று நம்பிக் குடித்தவர்கள் அவர்கள்.

வடிகட்டுவது என்பது என்ன, அது எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இதற்கு விடை காண நம் பெரியவர்களின் வழக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம்.

நம் முன்னோர்கள் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வித்தையை வெகு காலமாக அறிந்திருந்தார்கள். தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்து, அதில் ஆற்று ஜலத்தை ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் வண்டல் அடியில் தங்கிவிடும். கலித்தொகையில் இது உவமையாகவே வருகிறது. சுச்ருத சம்ஹிதை நீரைத் தெளிவிக்கும் பொருள்களாக ஏழைப் பட்டியலிடும்போது 'கதகம்' என்ற பெயரில் இதைச் சொல்கிறது. துணியும் அந்தப் பட்டியலில் உண்டு. மனுஸ்மிருதியோ ஒரு படி மேலே போய், தேற்றாங்கொட்டையின் பெயரைச் சொன்னால் மட்டும் ஜலம் தெளிந்துவிடாது என்று இதை வைத்து ஒரு நையாண்டியே செய்கிறது. எல்லோருக்கும் தெரிந்த அன்றாடக் காரியமாக இருந்தால்தானே இப்படி உதாரணம் காட்ட முடியும்?

காவிரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் இன்னொரு வழி இருந்தது. கோடையில் ஆறு வற்றினால் மணலில் கையால் தோண்டி ஊற்று எடுப்பார்கள். முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டு, பிறகு ஊறுவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் விடுவார்கள். பல அடி மணலுக்குள் நாள்கணக்கில் மெல்ல ஊர்ந்து வந்த நீர் அது. அந்தத் தண்ணீருக்கு உள்ள ருசியும் நம்பகமும் ஓடுகிற ஆற்றுத் தண்ணீருக்கு இல்லை என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. அவர்கள் குடித்தது இயற்கையாகவே அமைந்த மணல் வடிகட்டியின் நீர்.

மேல்நாட்டில் இதைத் திட்டமிட்டுச் செய்தவர் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் துணி வெளுக்கும் ஆலை வைத்திருந்த ஜான் கிப். 1804இல் தன் ஆலைக்குத் தெளிந்த நீர் வேண்டும் என்று மணல் வடிகட்டி கட்டினார். மிஞ்சியதை ஊராருக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்ஸன் லண்டன் நகரின் செல்ஸீ நீர் கம்பெனிக்குப் பெரிய அளவில் கட்டினார். தேம்ஸ் நதி நீரை வடிகட்டித்தான் வழங்கவேண்டும் என்று 1852இல் சட்டமே வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் நடந்தது கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்பது நிரூபணம் ஆவதற்கு முன்பு. கண்ணுக்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். காலரா கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் பிறகு நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதி செய்தது 1883-84இல்தான்.

மணலின் உண்மையான சக்தி தெரிந்தது 1892இல், ஜெர்மனியில். ஹாம்பர்க் நகரமும் அல்டோனா நகரமும் எல்ப் நதிக்கரையில் அப்போது ஒட்டிக்கொண்டிருந்த ஊர்கள்; நம் தில்லிக்கு நொய்டா மாதிரி. ஹாம்பர்க் நதி நீரை வடிகட்டாமல் அப்படியே வழங்கியது. அல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, இன்னும் கீழே, அதே நதியிலிருந்து எடுத்தது. ஆனால் மணலில் மெதுவாக வடிகட்டி வழங்கியது. காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு ஊருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. மோசமான தண்ணீரை எடுத்த ஊர் பிழைத்தது, அதைவிடச் சற்று நல்ல தண்ணீரை எடுத்த ஊர் அழிந்தது என்றால் காரணம் மணலைத் தவிர வேறென்ன? கோக் இதை ஆராய்ந்து, மணலின் வழியே நீர் எந்த வேகத்துக்குமேல் போகக்கூடாது, வெளிவரும் நீரில் எவ்வளவு கிருமிக்குமேல் இருக்கக்கூடாது என்று அளவும் வகுத்தார்.

மணல் எப்படி இதைச் செய்கிறது? சல்லடை போல என்று நினைத்தால் தவறு. பொடி மணலின் இடைவெளியோடு ஒப்பிட்டால் பாக்டீரியா மிக மிகச் சிறியது; சுலபமாக நுழைந்து போய்விடும். நீர் எப்போதும் மேலே நின்று, மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும்போது, மணலின் மேற்பரப்பில் இரண்டு மூன்று வாரத்தில் வழவழப்பான ஒரு படலம் உண்டாகிறது. பாசி, நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னும் இன்னும் சிறு ஜீவன்கள் எல்லாம் சேர்ந்த உயிருள்ள தோல் அது. ஜெர்மானியர்கள் அதற்கு 'அழுக்குப் போர்வை' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்த அழுக்குத்தான் காவல்காரன். வருகிற கிருமியைப் பிடித்து வைப்பதும் தின்று தீர்ப்பதும் அதன் வேலை. ஒரு சதுர மீட்டர் மணலில் மணிக்கு 100 முதல் 300 லிட்டர் வரைதான் விடவேண்டும், மணல் படுகை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனம் இருக்கவேண்டும், மணல் வற்றக்கூடாது. அடைத்துக்கொண்டால் மேலே ஓரிரண்டு சென்டிமீட்டரை மட்டும் வழித்து எடுத்துவிட்டு, மீண்டும் படலம் உண்டாகும்வரை காத்திருக்கவேண்டும். மடியாகக் காய்ச்சிய பாலில் உறை குத்திவிட்டுக் காத்திருப்பது போலத்தான். அவசரப்பட்டால் தயிர் ஆகாது.

நம் சென்னையில் இந்த முறை 1914இல் வந்தது. 1872 முதலே செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்றாலும், நாற்பது வருஷம் அது வடிகட்டாத ஏரித் தண்ணீர்தான். வந்தது திறந்த கால்வாயில். 1914இல் மூடிய கட்டுக்கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மெது மணல் வடிகட்டிகளும், பம்பிங் நிலையமும் அமைந்தன. அந்த ஏற்பாட்டின் சிறப்புப் பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லி. மாம்பலத்தில் மேட்லி ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பெயர்தான். ஊர் பெருகப் பெருக, வேகமாக வடிகட்டும் முறையும் கீழ்ப்பாக்கத்தில் சேர்ந்தது.

அக்காலத்து ஆசாரக் குடும்பங்கள் பல குழாய்த் தண்ணீரைச் சட்டென்று வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, யார் யாரோ தொட்டது என்று ஆட்சேபம். குளிக்கவும் துவைக்கவும் குழாய், பூஜைக்கும் தளிகைக்கும் கிணற்று ஜலம் என்று பாகப்பிரிவினை நடந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அதே வீட்டில் கிணற்று ஜலத்தைப் பழைய வேஷ்டித் துணியை மடித்துக் கட்டி வடித்தார்களே, அதைச் சிரித்துத் தள்ளமுடியாது. அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல்லும் அவர் குழுவினரும் பங்களாதேஷில் மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் ஆராய்ந்து 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழைய புடவையை நான்காக மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாக, துல்லியமாகச் சொன்னால் 48 சதவிகிதம், குறைந்தது. காலரா கிருமி தனியாக மிதப்பதைவிட, நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதே அதிகம். மடித்த துணி அந்தப் பூச்சிகளைத் தடுத்துவிடுகிறது. இதில் புதுப் புடவை உதவாது. துவைத்துத் துவைத்து நூல் பூத்துப் போன பழைய புடவைதான் நன்றாக வடிகட்டும் என்று அவர்கள் கண்டார்கள்.

இனி பள்ளிக்கூடத்துப் பானைக்கு வருவோம். மேல் பானையில் ஆற்று நீர், அடுத்ததில் கரி, அதற்கடுத்ததில் மணல், அடியில் சுத்த ஜலம் என்று படம் போட்டோம், மார்க்கும் வாங்கினோம். அந்தப் படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுகாதார நூல்களிலிருந்து வந்தது. கலங்கல் போகும், நிறம் போகும், கரியினால் வாடை போகும். அதற்குமேல் அந்தப் பானையிடம் எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம். காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் சொட்டி முடிந்துவிடும், மணல் உலரும், உலர்ந்தால் படலம் உண்டாகாது, உண்டானாலும் செத்துவிடும். நாம் வேறு சுத்தமாக இருக்கட்டும் என்று வாராவாரம் மணலை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைப்போம். காவல்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற காரியம் அது. கரியோ, மாற்றாமல் விட்டால் கிருமி வளரும் இடமாகவே ஆகிவிடும்.

இதை இன்று நாம் புதிதாகச் சொல்லவில்லை. 1894இலேயே ஸிம்ஸ் உட்ஹெட், கார்ட்ரைட் வுட் என்ற இரு ஆய்வாளர்கள் அக்காலத்தில் விற்பனையில் இருந்த வீட்டு வடிகட்டிகளைச் சோதித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கரி வைத்தவை, கல் வைத்தவை எல்லாம் தோற்றன. தேறியவை பெரும்பாலும் சுட்ட மண்ணால் ஆன மெழுகுவத்தி வடிவ வடிகட்டிகள், அதாவது பாரிஸில் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் ஷாம்பர்லேன் 1884இல் செய்த வகை. ஹாம்பர்க் காலராவை ஒட்டி ஜெர்மனியில் பெர்க்கபெல்ட் என்பவரின் பெயரிலும் இதே ஜாதி வடிகட்டி ஒன்று பிரபலம் ஆயிற்று. நம் வீடுகளில் எவர்சில்வர் இரண்டடுக்கு பில்டருக்குள் வெள்ளையாக நிற்குமே 'கேண்டில்', அது இந்த வம்சத்தின் வாரிசு.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்களில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு அந்த எவர்சில்வர் பில்டர் சமையலறை லக்ஷணங்களில் ஒன்று. மேடை ஓரத்தில் அது, பக்கத்தில் காபி பில்டர். டி.டி.இ.ஏ. பள்ளிக்குப் போகும் குழந்தையின் வாட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீர். 1973 ஜூன் மாதம் மலை மந்திர் கும்பாபிஷேகத்துக்கு ஊரிலிருந்து வந்து இறங்கிய உறவினர்களுக்கும் அதே தண்ணீர்தான். கேண்டிலுக்கு ஒரு குணம் உண்டு: பாக்டீரியாவைக் கூடிய மட்டும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது, வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. காமாலை வருஷத்தை அனுபவித்தவர்கள் பில்டர் வாங்கிய பிறகும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே அதில் ஊற்றினார்கள் என்றால், பயம் கற்றுக்கொடுத்த அந்தப் பாடம் சரியானதே. ஒரு நிமிஷம் தளதளவென்று கொதித்தால் காமாலை வைரஸும் மிஞ்சாது.

அந்த வைரஸ் எது என்பதுதான் கால் நூற்றாண்டு காலம் தெரியாமலே இருந்தது. ஹெபடைடிஸ் 'ஏ' என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1980இல் அமெரிக்க ஆய்வாளர்களும் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தாரும் சேர்ந்து, தில்லிக் கொள்ளைநோயின்போது எடுத்துப் பத்திரப்படுத்திய ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். அது 'ஏ'யும் இல்லை, 'பி'யும் இல்லை. அதே சமயத்தில் காஷ்மீரில் 1978இல் கண்ட காமாலையை ஆராய்ந்த டாக்டர் முகம்மது சுல்தான் குரூவும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். 1983இல் மாஸ்கோவில் பாலயான் என்ற விஞ்ஞானி, ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட ரஷ்யச் சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்து, காமாலையை வரவழைத்துக்கொண்டு, கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்டார். படிக்கிற நமக்கே வயிற்றைப் புரட்டுகிறது. 1990இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. இன்று ஹெபடைடிஸ் 'ஈ' என்கிறோம். கர்ப்பிணிகளை அது ஏன் இவ்வளவு கொடுமையாகத் தாக்கியது என்பதும் இந்தக் கிருமியின் தனிக்குணமாக அறியப்பட்டது.

தில்லி 1959இல் வஜீராபாதில் தடுப்பணை கட்டிக்கொண்டது. நீர் எடுப்பது அணைக்கு மேலே, நாலா சேருவது அணைக்குக் கீழே என்று ஆயிற்று.

சந்திராவலில் அன்று இருந்தது வேக மணல் வடிகட்டி. பெரிய நகரங்களுக்கு வேறு வழி இல்லை. மெது வடிகட்டிக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். வேக வடிகட்டியில் நீர் இருபது முப்பது மடங்கு விரைவாகப் போகும், படலம் உண்டாகாது, படிகாரமும் குளோரினும்தான் பாரத்தைச் சுமக்கவேண்டும். மெது வடிகட்டி இருந்திருந்தால் தில்லி தப்பியிருக்குமா? சாக்கடையே பாதியாக வந்தால் எந்த மணலும் ஈடு கொடுக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நகரம் கைவிட்ட அந்த மெதுவான முறைக்குக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இடம் உண்டு என்று நம் நாட்டிலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். நாகபுரியில் 1958இல் தொடங்கி, 1974 முதல் 'நீரி' என்று வழங்கும் ஆய்வு நிலையத்தில் ஆர். பரமசிவம் முதலான பொறியாளர்கள் எழுபதுகளில் மெது மணல் வடிகட்டியை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப ஆராய்ந்து, சிக்கனமாகக் கட்டும் முறைகளை வகுத்தார்கள். அவர்களுடைய கட்டுரைகள் அயல்நாட்டுப் பொறியாளர்களாலும் படிக்கப்பட்டன.

மெது மணல் வடிகட்டியை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருவதில் ஒரே ஒரு சிக்கல்தான். வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் நீர் ஓடிக்கொண்டிருக்காது. குடம் குடமாகத்தான் ஊற்றுவோம். நடுவில் மணல் உலர்ந்துவிடும். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் என்ற பேராசிரியர் இதற்கு 1990களில் ஒரு சுளுவான வழி கண்டார். வடிகட்டியின் அடியிலிருந்து வரும் குழாயை மேலே தூக்கி, அதன் வாய் மணல் மட்டத்துக்குச் சற்று உயரே இருக்கும்படி வளைத்துவிட்டார். இப்போது ஊற்றிய நீர் வடிந்து நின்றாலும், மணலுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நீர் எப்போதும் தங்கியிருக்கும். படலம் உலராது, அந்த ஆழத்தில் அதற்கு வேண்டிய காற்றும் கிடைக்கும். இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இடுப்பளவு உயரமுள்ள சிமெண்ட் பெட்டி, அடியில் ஜல்லி, மேலே இரண்டடி வரை சலித்த பொடி மணல், மேலே துளையிட்ட ஒரு தட்டு. மின்சாரம் வேண்டாம், மாற்றவேண்டிய பாகம் எதுவும் இல்லை. டொமினிகன் குடியரசில் நடந்த ஆய்வு ஒன்றில் இதைப் பயன்படுத்திய வீடுகளில் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வைரஸ் விஷயத்தில் இதன் செயல் அவ்வளவு உறுதி இல்லை; அதனால் வடித்த நீரைக் கொதிக்கவைப்பதோ குளோரின் சொட்டு விடுவதோ அவசியம் என்று இதைப் பரப்புகிறவர்களே சொல்கிறார்கள்.

பழைய மூன்று பானைக்கும் ஒரு மறுபிறவி கிடைத்தது. பங்களாதேஷில் ஆழ்குழாய் நீரில் ஆர்சனிக் விஷம் கலந்திருப்பது தெரிந்தபோது, அபுல் ஹுஸ்ஸாம் என்ற வேதியியல் பேராசிரியர் அந்நாட்டின் 'மூன்று கொல்ஷி' பானை அடுக்கிலிருந்து தொடங்கி, மணலோடு பதப்படுத்திய இரும்பைச் சேர்த்து ஸோனோ என்ற வடிகட்டியை உருவாக்கினார். அமெரிக்கப் பொறியியல் அகாடமி 2007இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அளித்தது. நம் நாட்டில் டாடா நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஸ்வச் வடிகட்டியில் உமிச்சாம்பல் இருந்தது. பாட்டி பாத்திரம் தேய்த்த சாம்பல்!

இப்போது ஆர்.கே.புரத்துச் சமையலறையில் எவர்சில்வர் பில்டர் போய், சுவரில் ஆர்.ஓ. மெஷின் தொங்குகிறது. மத்திய நீர் ஆணையமே செக்டார் ஒன்றில் சேவா பவனில் இருக்கிறது என்பது வேறு விஷயம்! ஆர்.ஓ. என்பது உப்பு நீருக்கு ஏற்பட்டது. ஒரு பங்கு நல்ல நீருக்கு இரண்டு மூன்று பங்கைச் சாக்கடையில் விடுகிறது. நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இதைத் தடை செய்யவேண்டும் என்று 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஆற்று நீர் வரும் வீட்டில் இது தேவையா என்று தண்ணீரைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது. அதைவிட முக்கியம், குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சாமல் இருப்பது. தண்ணீர் வராத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். மோட்டார் இழுக்கும்போது ஏதாவது விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரும். 1955இல் ஆறு செய்ததை ஒரு தெருவளவில் நாமே செய்துகொள்கிறோம்.

சென்னையில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது நம் அங்கத்தினர்கள் பலர் மொட்டைமாடித் தண்ணீரை மணல், ஜல்லி, கரி நிரப்பிய தொட்டி வழியே சம்ப்பில் விட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அது பள்ளிக்கூடத்துப் பானையின் அண்ணன்தான். மழை பெய்யும்போது மட்டும் நனைகிற மணல் அது, தெளியவைக்கும், அவ்வளவே. குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கொதித்து ஆறியதைச் செப்புக் குடத்தில் ஊற்றி வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். 16 மணி நேரம் செம்பில் இருந்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் மடிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் காட்டியிருக்கிறார்கள்.

கிராமத்து வீட்டைப் பராமரித்து வரும் அங்கத்தினர்கள், அங்கே ஆற்று நீரோ குளத்து நீரோதான் என்றால், சிமெண்ட் மணல் வடிகட்டி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். மணலைக் கட்டட வேலைக்கு வந்த குவியலிலிருந்து அப்படியே அள்ளக்கூடாது; சலித்து, கலங்கல் போகும்வரை அலசவேண்டும். அமைத்த முதல் மாதம் வரும் நீரைப் பாத்திரம் கழுவ மட்டும் பயன்படுத்தவேண்டும். தினமும் ஒரு குடமாவது ஊற்றவேண்டும். ஒரே மூலத்து நீராக இருப்பது உத்தமம். குளோரின் கலந்த நீரை இதில் ஊற்றினால் படலம் செத்துவிடும். பொங்கலுக்கும் கோயில் உற்சவத்துக்கும் மட்டும் போய்த் திறக்கிற வீடானால் இந்த வடிகட்டி பிரயோஜனப்படாது. அங்கே அடுப்பும் பெரிய பாத்திரமும் போதும்.